பழைய செயின்சா: சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது

#1 தோப்புக்காரன் (பேராவூரணி)

எல்லோருக்கும் வணக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் தென்னை எப்படி விழுந்தது என்று உங்களுக்குத் தெரியும். கிடந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்த ஆள் கிடைக்கவில்லை. அந்த டிசம்பரில் ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய 45 சிசி செயின்சாவை வாங்கினேன். ஸ்டிக்கரெல்லாம் அப்போதே தேய்ந்து போயிருந்தது. ஆனால் அந்த இரண்டு மாதமும் ராட்சசன் மாதிரி உழைத்தது.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு நாலைந்து நாள் வேலைதான். கடைசியாக ஒன்றரை வருஷம் மோட்டார் கொட்டகையில் கிடந்தது. டேங்கில் பெட்ரோல் இருந்ததை நான் பார்க்கவில்லை, தப்பு என்னுடையது. இப்போது சிவப்புக் கூன்வண்டு தின்ற 11 மரங்களை இறக்க வேண்டும். எடுத்து இழுத்தால் இப்படி இருக்கிறது:

சோக் போட்டால் பிடிக்கிறது. சோக்கை எடுத்தால் ஐந்து விநாடியில் அணைகிறது. பாதி சோக்கில் வைத்தால் இருமிக்கொண்டே ஓடும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் "ப்பூ" என்று மூச்சு விட்டு நின்றுவிடும்.

ஊரில் பைக் மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்தேன். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, கம்ப்ரசர் காற்றடித்து, பக்கத்தில் இருக்கும் ஸ்க்ரூக்களை அங்கும் இங்கும் திருகிக் கொடுத்தார். எல் ஸ்க்ரூவை (மெதுவாக ஓடும்போது போகும் பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பது) இரண்டரை சுற்று திறந்து வைத்தால் எப்படியோ நின்று ஓடுகிறது. ஆனால் ரேஸ் ஏறவில்லை. என்ன செய்யலாம்?

#2 ஆர்எக்ஸ்பிரியன்

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? ஆன்லைனில் அதே மாதிரி டூப்ளிகேட் கார்புரேட்டர் கிடைக்கிறது. வாங்கி மாட்டுங்கள், வேலை முடிந்தது. நான் என் மிஷினுக்கு இரண்டு தடவை மாற்றிவிட்டேன்.

#3 மலைக்காப்பி (தாண்டிக்குடி)

இரண்டு தடவை மாற்றினீர்கள் என்றால் முதல் தடவை ஏன் தீரவில்லை என்று யோசித்திருக்க வேண்டாமா, நண்பரே? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தோப்புக்காரன் தம்பிக்கு: இனி ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். போன மாதம் வரை சரியாக ஓடிய மிஷின் இன்று ஓடவில்லை என்றால், ராத்திரியில் யாரும் வந்து ஸ்க்ரூவைத் திருகிவிட்டுப் போகவில்லை. வேறு எதுவோ கெட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்க்ரூவைத் திருகினால் நோயை மூடி வைத்ததாகத்தான் ஆகும். இரண்டரை சுற்று திறந்தால்தான் நிற்கிறது என்பதே ஒரு தடயம். இந்த மாதிரி மிஷினுக்கு ஒரு சுற்று, அதற்குக் கொஞ்சம் முன்பின், இவ்வளவுதான் வழக்கம்.

பைக் மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை. அவர் பழகியது மிதவை வைத்த கார்புரேட்டர். கீழே ஒரு கிண்ணம், அதில் பெட்ரோல் நிற்கும், மிதவை ஏறினால் நீடில் என்ற ஊசி வழியை அடைக்கும். செயின்சாவைத் தலைகீழாகப் பிடிப்போம், பக்கவாட்டில் படுக்க வைத்து மரத்தின் அடியை அறுப்போம். கிண்ணம் வைத்தால் கொட்டிவிடும். அதனால் இதில் கிண்ணமே கிடையாது. இரண்டு மெல்லிய ரப்பர் சவ்வுதான் எல்லா வேலையும் செய்கிறது. டயாப்ரம் என்பார்கள்.

முதல் டயாப்ரம் பம்ப். பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் அறைக்குள் காற்று ஒரு இழு, ஒரு தள்ளு என்று மாறிக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு ஒரு சின்ன டியூப் வழியாகவோ துளை வழியாகவோ வந்து டயாப்ரத்தை ஆட்டும். அதில் வெட்டி விட்டிருக்கும் நாக்கு மாதிரியான இரண்டு இதழ்கள்தான் வால்வு. டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி உள்ளே தள்ளும்.

இரண்டாவது, அளந்து கொடுக்கும் டயாப்ரம். இதன் நடுவில் ஒரு பொட்டு இருக்கும். எஞ்சின் உறிஞ்சும்போது சவ்வு உள்ளே குழியும், பொட்டு ஒரு குட்டி லீவரை அழுத்தும், லீவர் நீடிலைத் தூக்கும், பெட்ரோல் உள்ளே வரும். உறிஞ்சுவது குறைந்தால் நீடில் மூடிக்கொள்ளும். சவ்வு பட்டுத்துணி மாதிரி மெத்தென்று இருக்கும்வரை எல்லாம் சரி. பழைய பெட்ரோலில் ஊறி, காய்ந்து, விறைத்துப் போனால் குழியாது. லீவர் முழுசாக அழுந்தாது. பெட்ரோல் பற்றாது. சோக் போட்டால் உறிஞ்சும் வலு கூடுவதால் எப்படியோ குழிந்துவிடும். சோக்கை எடுத்ததும் பட்டினி. உங்கள் கதை இதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் இது மட்டும்தான் என்று சொல்லவில்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். டேங்குக்குள் போகும் டியூபை வெளியே இழுத்து வளைத்துப் பாருங்கள், வெடிப்பு உண்டா, பிசுபிசுக்கிறதா? டியூபின் முனையில் இருக்கும் ஃபில்டர் எப்படி இருக்கிறது? பிளக் என்ன நிறம்? ஓடி அணைந்ததும் டேங்க் மூடியைத் திறந்தால் "ஸ்ஸ்" என்று காற்றை உள்ளே இழுக்கிறதா? இழுத்தால் டேங்க்கின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. கார்புரேட்டர் உடம்பில் என்ன எழுத்து பொறித்திருக்கிறது?

கம்ப்ரசர் காற்றடித்தபோது டயாப்ரம் உள்ளேயே இருந்ததா என்பதையும் அவரிடம் கேளுங்கள்.

#4 தோப்புக்காரன்

அண்ணே, மிக்க நன்றி. இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை.

டியூப்: வளைத்ததும் இரண்டு இடத்தில் வாய் பிளந்தது. பூனைக்குட்டி கடித்த மாதிரி. ஃபில்டர் கறுப்பு. பிளக் முனை வெளுத்து, கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்கிறது. மூடியைத் திறந்தால் சத்தம் ஒன்றும் இல்லை. கார்புரேட்டரில் வால்ப்ரோ என்றும், டபிள்யூடி என்று தொடங்கி ஒரு எண்ணும் இருக்கிறது.

பொறுக்க முடியாமல் மூடியைக் கழற்றிவிட்டேன். பம்ப் டயாப்ரத்தின் இதழ்கள் மேலே சுருண்டு நிற்கின்றன. இன்னொரு டயாப்ரத்தை விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி "டொக்" என்கிறது. உள்ளே ஒரு சின்னச் சல்லடை, அதில் பச்சையாகக் களிம்பு. காற்றடித்தபோது எதையும் கழற்றவில்லையாம்.

#5 மலைக்காப்பி

"டொக்" போதும். அந்தச் சத்தம் கேட்டால் மறுபேச்சு கிடையாது.

அந்த எண்ணைச் சொல்லி ரிப்பேர் கிட் வாங்குங்கள். இரண்டு டயாப்ரம், இரண்டு கேஸ்கெட், நீடில், லீவர், ஸ்பிரிங், சல்லடை எல்லாம் அதில் வரும். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்பார். ஒன்றல்ல. ஓட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் துடிப்பு போகும் வழி அடைந்துவிடும். டியூபும் ஃபில்டரும் சேர்த்து வாங்குங்கள்.

நீடிலைக் கழற்றும் முன் லீவரின் உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். வெர்னியர் இருந்தால் அதன் வால், இல்லையென்றால் ஒரு இரும்பு ஸ்கேலைக் கேஸ்கெட் உட்காரும் பரப்பில் குறுக்காக வைத்து இடைவெளியைப் பாருங்கள். லீவர் உயர்ந்தால் பெட்ரோல் அதிகம், தாழ்ந்தால் பற்றாக்குறை. அந்தக் குட்டி ஸ்பிரிங்கை இழுத்து நீட்டாதீர்கள். அது துள்ளிப் போனால் வீட்டையே கூட்டிப் பெருக்க வேண்டியிருக்கும். ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் வைத்துக் கழற்றுங்கள்.

எச் ஸ்க்ரூ (முழு வேகத்தில் போகும் பெட்ரோலுக்கு), எல் ஸ்க்ரூ இரண்டையும் கழற்றும் முன், உள்நோக்கித் திருகி எத்தனை சுற்றில் மெல்ல முட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மெல்ல என்றால் இரண்டு விரல் பலம்தான். அழுத்தித் திருகினால் ஊசி முனை உட்காரும் இடம் பள்ளமாகிவிடும், பிறகு அந்தக் கார்புரேட்டருக்கு ட்யூனிங் என்பதே கிடையாது.

மாட்டும் வரிசைதான் முக்கால்வாசிப் பேர் தப்பு செய்யும் இடம். இந்த டபிள்யூடி வகையில் அளக்கும் பக்கம்: உடம்பின்மேல் முதலில் கேஸ்கெட், அதன்மேல் டயாப்ரம், பிறகு மூடி. பம்ப் பக்கம் நேர்மாறு: உடம்பின்மேல் முதலில் டயாப்ரம், அதன்மேல் கேஸ்கெட், பிறகு மூடி. ஒவ்வொன்றையும் பிரிக்கும்போதே போட்டோ எடுத்துவிட்டால் என்னை நம்ப வேண்டியதில்லை.

துளைகளில் கம்பி விடாதீர்கள். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் ஒரு வழியில் அடித்தது இன்னொரு வழியில் பீய்ச்ச வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சத்தியமாகச் சொல்கிறேன், அது நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

#6 கணக்குவாத்தியார்

ஒரு சந்தேகம். எவ்வளவு ஆயில் கலக்கிறீர்கள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லையே?

#7 தோப்புக்காரன்

பெட்ரோல் பங்கில் கிடைக்கும் டூ-டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில். லிட்டருக்கு 40 மில்லி. ஆயில் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் எஞ்சினுக்கு நல்லதுதானே என்று.

#8 கணக்குவாத்தியார்

40 மில்லி என்றால் 25-க்கு 1. தரமான செயின்சா ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50-க்கு 1. சாதாரண டூ-டி ஆயில் என்றால் 25-க்கு 1 என்றுதான் பல கம்பெனிப் புத்தகங்களில் இருக்கிறது, எனவே நீங்கள் செய்தது தப்பில்லை.

ஆனால் "ஆயில் கூட்டினால் பாதுகாப்பு" என்பதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஜெட் வழியாகப் போவது ஒரே அளவு திரவம்தான். அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறைகிறது. அதாவது காற்றுக்குப் பெட்ரோல் பற்றாமல் கலவை வற்றுகிறது. ஆயில் கூடினால் கலவை "ரிச்" (பெட்ரோல் தூக்கல்) ஆகும் என்று நிறையப் பேர் நினைப்பதற்கு நேர் எதிர்.

#9 மலைக்காப்பி

வாத்தியார் சொல்வது சரி. ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. 25-க்கு 1-இல் ஆயில் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, 50-க்கு 1-இல் 2 சதவீதம். வித்தியாசம் 2 சதவீதம்கூட இல்லை. எதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே ட்யூன் செய்யுங்கள், அவ்வளவுதான்.

நீங்கள் கவனிக்க வேண்டிய கணக்கு எத்தனால். கஜா சமயத்தில் பெட்ரோலில் எத்தனால் இப்போது இருப்பதைவிட மிகக் குறைவு. 2023-இல் இ20 (20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்) பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கி, 2025-இல் நாடு முழுக்க 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஒரு கிலோ சுத்த பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலந்தால் 13.5 வாக்கில் வரும். வேறு மாதிரிச் சொன்னால், அதே காற்றுக்கு 8, 9 சதவீதம் கூடுதல் திரவம் உள்ளே போயாக வேண்டும். காரில் கம்ப்யூட்டர் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். உங்கள் மிஷினில் அந்தக் கம்ப்யூட்டர் உங்கள் கையில் இருக்கும் திருப்புளி. எத்தனால் குறைவாக இருந்த அன்றைய பெட்ரோலுக்குச் சரியாக இருந்த எச் ஸ்க்ரூ இன்றைக்குப் பற்றாது.

#10 ஆர்எக்ஸ்பிரியன்

பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி எத்தனாலைப் பிரித்து எடுத்துவிடலாமே? வீடியோவில் பார்த்தேன்.

#11 மலைக்காப்பி

பிரியும். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் நிற்கும். ஆனால் ஆக்டேனைத் தூக்கி நிறுத்தியதும் அந்த எத்தனால்தான், அதுவும் சேர்ந்து போய்விடும். மிச்சம் இருக்கும் பெட்ரோலில் தண்ணீர்த் துளி எங்கே ஒளிந்திருக்கிறது என்றும் தெரியாது. வேண்டாம். தேவைக்கு மட்டும் கலந்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் பாதி கேன் மூடி வைக்கவே கூடாது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்து, ஒரு கட்டத்தில் அதுவே தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். உறிஞ்சும் ஃபில்டரும் அடியில்தான் கிடக்கிறது.

#12 தோப்புக்காரன்

கிட் வந்தது. போட்டேன். டியூப், ஃபில்டர் எல்லாம் புதிது. எச், எல் இரண்டும் ஒரு சுற்று. ஆறாவது இழுப்பில் பிடித்தது! சோக் இல்லாமல் நிற்கிறது. வீட்டில் எல்லோரும் ஓடி வந்து பார்த்தார்கள்.

ஆனால் முழு சந்தோஷம் இல்லை அண்ணே. ஆக்ஸிலேட்டர் கொடுத்துவிட்டு விட்டால், ரேஸ் உடனே இறங்காமல் மூன்று நான்கு விநாடி மேலேயே தொங்கி, பிறகு மெதுவாக இறங்குகிறது. ஐடிலிங்கில் ஒரு நேரம் செயின் சுற்றுகிறது, ஒரு நேரம் அணையப் பார்க்கிறது. முன்பக்கமாகச் சாய்த்தால் சத்தம் மாறுகிறது. எல் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுக்குத் திறந்தால் கொஞ்சம் அடங்குகிறது. அப்படியே விட்டுவிடட்டுமா?

#13 மலைக்காப்பி

விடாதீர்கள். மிஷினை அணைத்துக் கீழே வையுங்கள்.

ரேஸ் தொங்குவதும், சாய்த்தால் மாறுவதும், எந்த ஸ்க்ரூவுக்கும் நிலைக்காமல் அலைவதும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. கார்புரேட்டருக்கு அப்பால் எங்கோ காற்று இழுக்கிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பூட், துடிப்பு போகும் டியூப், கிராங்க்கின் இரண்டு பக்க ஆயில் சீல், சிலிண்டர் அடியில் கேஸ்கெட். இதில் ஏதோ ஒன்று.

மருந்துக் கடையில் கிடைக்கும் பிபி பார்க்கும் கருவி, கடிகாரம் மாதிரி முள் வைத்தது, பழையது ஒன்று கிடைக்குமா? கைப்பட்டையைக் கழற்றிவிட்டு பல்பையும் மீட்டரையும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சோதனை கார்புரேட்டருக்கு. பெட்ரோல் உள்ளே வரும் முனையில் மாட்டி 300 வரை அழுத்துங்கள். அது ஏறத்தாழ 0.4 பார். நீடிலில் ஒரு சொட்டு பெட்ரோல் நனைந்திருக்கட்டும். முள் அசையாமல் நிற்க வேண்டும். நின்றால் கார்புரேட்டர் குற்றவாளி இல்லை.

இரண்டாவது எஞ்சினுக்கு. கார்புரேட்டரைக் கழற்றி, பூட்டின் வாயை ரப்பர் கார்க்கால் இறுக்கி அடையுங்கள். சைலன்சரைக் கழற்றி, பழைய சைக்கிள் டியூப் துண்டை நடுவில் வைத்து மறுபடி பூட்டினால் எக்ஸாஸ்ட் அடைபடும். பிளக் அதன் இடத்தில் இருக்கட்டும். துடிப்பு டியூபில் பல்பை மாட்டி 300 அழுத்தி, சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். சைக்கிள் பஞ்சர் கடை வேலைதான்.

#14 பச்சைத்தேயிலை (கூடலூர்)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ரேஸ் கொஞ்சம் தொங்கினால் என்ன கெட்டுவிடும்? என் மிஷின் ரேஸில் வீணை மாதிரிப் பாடுகிறது. அவ்வளவு சுத்தமான சத்தம். வேகமும் முன்பைவிட அதிகம்.

#15 மலைக்காப்பி

அந்த வீணைதான் எனக்குப் பயம்.

சொல்கிறேன். என்னிடம் ஒரு மிஷின் இருந்தது, கொடைக்கானலில் சவுக்கு மாதிரி உயர்ந்த யூகலிப்டஸ் அறுக்க வைத்திருந்தது. கொடை 2,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 சதவீதம் குறையும். காற்று குறைந்தால் பெட்ரோல் தூக்கலாகிப் புகை கக்கும். அதனால் எச் ஸ்க்ரூவை உள்ளே திருகி அந்த உயரத்துக்குத் தகுந்தபடி வைத்திருந்தேன். அருமையாக ஓடியது.

மச்சான் ஒரு புளியமரம் அறுக்க வேண்டும் என்று அதை வத்தலக்குண்டுக்கு எடுத்துப் போனார். நானும் யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். கீழே காற்று கெட்டி, ஸ்க்ரூ மேலே வைத்த இடத்திலேயே. பெட்ரோல் பற்றவில்லை. ஆனால் மிஷின் அணையவில்லை, திணறவில்லை. போனில் சொன்னார், "மாப்பிள்ளை, உங்க மிஷின் இங்க வந்து எப்படிப் பாடுது தெரியுமா?" இரண்டாவது டேங்க் முடிவதற்குள் நின்றது. கயிறு இழுக்க வரவில்லை. கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் முழுக்கச் சீவிவிட்ட மாதிரிக் கோடு கோடாக இருந்தது. அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல்தான் ஆயிலைக் கொண்டு போகிறது. பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறைகிறது, சூடும் ஏறுகிறது, உள்ளே வரும் பெட்ரோல் கொடுக்கும் குளிர்ச்சியும் போகிறது. மூன்றும் ஒரே நேரத்தில். சாகப்போகும் முன்புதான் அது நன்றாக ஓடும். மச்சானிடம் இன்றுவரை இதைப் பற்றிப் பேசியதில்லை, ஏனென்றால் தப்பு என்னுடையது.

#16 பச்சைத்தேயிலை

நாளைக்கு மிஷினை எடுப்பதில்லை. முதலில் பிளக்கைப் பார்க்கிறேன்.

#17 தோப்புக்காரன்

கார்புரேட்டர் சோதனை: 300-இல் பத்து நிமிஷம் அசையவில்லை.

எஞ்சின் சோதனை: முள் மெதுவாக இறங்குகிறது. ஒரு நிமிஷத்தில் 300-இலிருந்து 220. சோப்பு எங்கேயும் குமிழ் விடவில்லை. ரிங் வழியாகப் போகிறதோ? பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டுமா?

#18 மலைக்காப்பி

பிஸ்டன் எங்கே நிற்கிறது, மேலேயா கீழேயா?

#19 தோப்புக்காரன்

பார்க்கவில்லை அண்ணே... கீழே நிற்கிறது.

#20 மலைக்காப்பி

அதுதான். இதில் இன்டேக் துளையைத் திறந்து மூடுவது பிஸ்டனின் பாவாடைதான் (அதன் அடிப்பக்கச் சுவர்). பிஸ்டன் கீழே இருந்தால் துளை மூடியிருக்கும், நீங்கள் அடிக்கும் காற்று பூட் பக்கம் நேராகப் போகவே போகாது, கசிந்துதான் போகும். ஃபிளைவீலைத் திருப்பிப் பிஸ்டனை மேலே கொண்டு வாருங்கள். மறுபடி அடியுங்கள். பூட்டைச் சுற்றிலும், முக்கியமாகக் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில், சோப்பு தடவுங்கள்.

#21 தோப்புக்காரன்

அண்ணே!!

பிஸ்டனை மேலே கொண்டு வந்து அடித்தால் முள் ஐந்து விநாடியில் பூஜ்யம். பூட்டின் அடி மடிப்பில் குமிழ் பொங்கிக்கொண்டு வருகிறது. கழற்றி மடித்துப் பார்த்தேன். சாதாரணமாகப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. மடிப்பைப் பிரித்தால் அரை அங்குலத்துக்குக் கிழிசல். திருப்புளி முனை பட்டு நெம்பிய தடமும் பக்கத்தில் இருக்கிறது, எப்போது யார் நெம்பியது என்று தெரியவில்லை. இத்தனை நாள் எல் ஸ்க்ரூவைத் திறந்து திறந்து இந்தக் கிழிசலுக்குத்தான் பெட்ரோல் ஊற்றியிருக்கிறேன்.

ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா?

#22 மலைக்காப்பி

ஒட்டலாம், அது ஒரு மரம் வரைக்கும் வரும். எஞ்சின் ஆட்டத்திலும் பெட்ரோலிலும் எந்தப் பசையும் நிற்காது. புதிய பூட் போடுங்கள்.

போட்டபின் ட்யூனிங். இப்போதுதான் ஸ்க்ரூவைத் தொடும் நேரம்.

ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்க வேண்டும், செயின் தீட்டியிருக்க வேண்டும், பாரும் (செயின் ஓடும் நீளத் தகடு) செயினும் மாட்டியிருக்க வேண்டும். எச், எல் இரண்டும் ஒரு சுற்று. ஐந்து நிமிஷம் ஏதாவது கட்டையை அறுத்து மிஷினைச் சூடேற்றுங்கள். குளிர்ந்த மிஷினில் வைத்த ட்யூனிங் சூடான மிஷினுக்கு ஒத்துவராது.

முதலில் எல். மெதுவாக உள்ளே திருகினால் ஐடிலிங் வேகம் ஏறிக்கொண்டே போய் ஒரு இடத்தில் உச்சம் தொட்டு இறங்கப் பார்க்கும். அந்த உச்சத்திலிருந்து கால் சுற்றுக்குக் குறைவாக வெளியே எடுங்கள். ஆக்ஸிலேட்டரைப் பட்டென்று அழுத்தினால் தயங்காமல் ஏற வேண்டும். தயங்கினால் இன்னும் ஒரு துளி திறங்கள். பிறகு ஐடில் ஸ்க்ரூவால் செயின் சுற்றாத அளவுக்குக் குறையுங்கள். செயின் அசையவே கூடாது. இதில் சமரசம் வேண்டாம்.

அப்புறம் எச். இதைக் காதால் செய்ய வேண்டும். டிவிஎஸ் ஃபிஃப்டி ஓட்டியிருப்பீர்கள். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரைக் குறைத்துக்கொண்டு வரும்போது ஒழுங்கில்லாமல் "பொட பொட பொட" என்று ஒரு சத்தம் வருமே, அதுதான். மரத்தில் வைக்காமல் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அந்தப் பொடபொட லேசாகக் கேட்க வேண்டும். மரத்தில் இறக்கியதும் அது மறைந்து ஒரே சீரான இரைச்சலாக வேண்டும். மரத்திலிருந்து எடுத்ததும் மறுபடி பொடபொட. மரத்துக்குள்ளும் பொடபொடத்தால் எச்சைக் கொஞ்சம் மூடுங்கள். வெளியே கேட்கவே இல்லை, வீணை மாதிரிப் பாடுகிறது என்றால் உடனே திறங்கள். ஒவ்வொரு தடவையும் கடிகார முள் ஐந்து நிமிஷம் நகரும் அளவுக்குத்தான். மரம் இல்லாமல் முழு ரேஸ் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வேண்டாம்.

டேக்கோமீட்டர் (எஞ்சின் சுற்றை எண்ணும் மீட்டர்) வைத்திருப்பவர்கள் ஒரு சுற்றுக்கு ஒரு ஸ்பார்க் என்று செட் செய்ய வேண்டும். இந்த அளவு மிஷின்களின் உச்சம் நிமிஷத்துக்கு 14,000 சுற்று என்று புத்தகத்தில் இருக்கும். எத்தனால் பெட்ரோலில் பழைய மிஷினை நான் 12,500-ஐத் தாண்ட விடமாட்டேன். ஒரு மரத்துக்கு அரை நிமிஷம் கூட ஆகட்டும், பிஸ்டன் மிஞ்சும்.

#23 கணக்குவாத்தியார்

வேலை முடிந்து எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, அணையும்வரை ஓட்டி வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#24 மலைக்காப்பி

கம்பெனிப் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது, டயாப்ரம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. எனக்கு ஒரு சின்ன மறுப்பு உண்டு: வறண்ட ரப்பரும் விறைக்கிறது. நான் மாதம் ஒரு தடவை புதுப் பெட்ரோல் ஊற்றி ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டுத்தான் காலி செய்கிறேன்.

#25 கணக்குவாத்தியார்

மாதம் ஒரு தடவை ஓட்டுகிறவர் இந்த இழைக்கே வரமாட்டார், அண்ணே.

#26 தோப்புக்காரன்

புதுப் பூட் போட்டேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. ஆக்ஸிலேட்டரை விட்டால் ரேஸ் கல் விழுந்த மாதிரி இறங்குகிறது. எல் இப்போது ஒரு சுற்றும் ஒரு துளியும், எச் ஒன்றே கால். பொடபொட கேட்டுவிட்டேன். அப்பா தூரத்தில் உட்கார்ந்து, "டிவிஎஸ்ஸில் யாருடா வர்றது" என்றார்.

இதுவரை நாலு மரம் ஆகிவிட்டது. பிளக் இப்போது வறுத்த காப்பிக்கொட்டை நிறம். ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் தங்கையின் நகப்பூச்சால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், யாராவது திருகினால் தெரிந்துவிடும். தென்னையின் நாரும் மண்ணும் செயினை மொட்டையாக்கித் தள்ளுகின்றன, அதைத் தனியாகக் கேட்கிறேன்.

#27 பச்சைத்தேயிலை

பிளக் வெள்ளை. எச் ஸ்க்ரூ முக்கால் சுற்றில் இருந்தது. அதைத் திருகுவதற்கு முன் சோப்பு தடவப் போகிறேன். பிபி கருவி அம்மாவுடையது, கேட்க வேண்டும்.

#28 ஆர்எக்ஸ்பிரியன்

சரி, ஒத்துக்கொள்கிறேன். இரண்டு டூப்ளிகேட் கார்புரேட்டர் மாட்டியும் ரேஸ் தொங்குவது போகவில்லை. ஐடிலிங் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி பூட்டைக் கழற்றி மடித்துப் பார்த்தேன். கிழிசல் இல்லை. ஆனால் பூட்டை இறுக்கும் கிளாம்ப் வெறுமனே சுற்றுகிறது, ஸ்க்ரூவின் மரை போயிருக்கிறது.

#29 மலைக்காப்பி

கிளாம்பை மாற்றிவிட்டு முதல் கார்புரேட்டரையே மாட்டிப் பாருங்கள். தூக்கிப் போடவில்லையே?